பீச்சாங்கையால் வைத்த பத்திரிகை

குன்னம் பக்கத்தில், ஒரு பெண் தன் தாய்மாமாவைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு போனாள் என்று ஒரு கதை உலவுகிறது. அந்தப் பெண் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையில் மூன்று பிழைகள் இருக்கின்றன. ஒன்று, நான் அவரைக் கட்டவில்லை. அவராகத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு, தூரம் அரை மைல் இல்லை. நாற்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது பிழை, கதை சொல்பவர்கள் கடைசியில் தவறாமல் சேர்க்கும் வரி: “பாவம், காலு இல்லாத புள்ள, அது என்ன பண்ணும்.” காலுக்கும் அன்று நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தப்பு முழுக்க என் கைகளுடையது. கை இரண்டும் எனக்கு நன்றாகவே இருக்கின்றன.

எனக்குக் கிழமை, மணி, நிமிஷம் குறித்து வைக்கும் வியாதி உண்டு. பள்ளி இறுதி வகுப்பில் தொடங்கியது. கரண்ட் போன நேரம், வந்த நேரம், கோடையின் முதல் மழை எந்தக் கிழமை பெய்தது, பெரம்பலூர் பஸ் எத்தனை நிமிஷம் பிந்தி வந்தது, அதற்குக் கண்டக்டர் என்ன காரணம் சொன்னார், எல்லாம் நோட்டில் ஏறிவிடும். (என் அண்ணி இதைப் ‘பஞ்சாயத்து ரிக்கார்டு’ என்பார்.) ஏராளமான சரித்திரப் புத்தகங்கள் படித்ததில் நான் கற்றது இதுதான்: நடந்ததை அன்றைக்கே எழுதி வைக்காதவள், பிற்பாடு ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றால், கால்கள் இருக்கின்றன. வேலைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். (சம்பளப் பட்டியலில் மட்டும் காணப்படுகிற சிலரை எல்லா ஆபீசிலும் பார்க்கலாம்.) காலில் காலிபர் என்னும் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு இரண்டு ஊன்றுகோல்களுடன் நடக்கிறேன். மாற்றுத்திறனாளி என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஊர் வைத்த பெயர்கள் வேறு. வளர்மதி என்பது அப்பா வைத்த பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

வீடு அரியலூரில், வேலை பெரம்பலூரில். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் சேர்த்த ஸ்கூட்டரில் பதினோரு வருஷம் போய் வந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் என்னைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இலவசமாக வெள்ளையடித்துவிட்டுப் போகும். மழைக்காலத்தில் அதுவே பூச்சுவேலை ஆகிவிடும். நல்ல மழை என்றால் யாரையாவது கெஞ்ச வேண்டும், கொண்டுபோய் விடச் சொல்லி. நாற்பத்தைந்தாம் வயதில், போதும் என்று முடிவு செய்தேன். கிளட்ச் இல்லாத, கியர் மாற்றத் தேவையில்லாத ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, திருச்சியில் ஒரு பட்டறையில் விட்டு, கையாலேயே ஓட்டும்படி மாற்றினேன். ஆர்.சி.யில் அந்த மாற்றத்தைப் பதிந்து, லைசென்சும் வாங்கினேன்.

அந்த மாற்றம் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டீயரிங்குக்கு வலது பக்கத்தில் முழங்கை நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி. அதை முன்னால் தள்ளினால் பிரேக். என் பக்கம் இழுத்தால் வேகம். ஆக, ஓட்டும்போது வலது கை எப்போதும் கம்பியில். இடது கை ஸ்டீயரிங்கில். ஒரே கையால் வளைப்பதற்காக அதன் மேல் ஒரு குமிழ் வைத்திருந்தார்கள். கியர் என்பது நடுவில் இருக்கும் ஒரு குச்சி. அதை ‘பி’யில் போட்டால் வண்டி கல்லாக நிற்கும். ‘டி’யில் போட்டால் போகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘டி’யில் இருக்கும்போது வேகம் கொடுக்காவிட்டாலும், பிரேக்கை விட்டால் போதும், வண்டி தானாக ஊரத் தொடங்கும். மனிதன் சற்று எட்டி நடக்கிற வேகம். பட்டறைக்காரர் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் தலையாட்டினேன். நோட்டிலும் எழுதினேன். எழுதி வைத்ததாலேயே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது என் பழைய குறை.

பழகும்போது கையை விடக் காதுதான் அதிகம் சிரமப்பட்டது. வண்டி ஓட்டும் தமிழ் முழுவதும் காலுக்காகவே செய்யப்பட்டிருக்கிறது. மிதி, அமுக்கி மிதி, லேசா கால எடு. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நல்ல மனிதர். பழக்கதோஷத்தில் “கால எடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் நாக்கைக் கடித்துக்கொள்வார். நானும் என் பங்குக்கு, முதல் வாரம் ஸ்கூட்டர் ஞாபகத்தில் அந்தக் குமிழைப் பிடித்து முறுக்கினேன், வேகம் வரும் என்று. வேகம் வரவில்லை. வண்டி அடக்க ஒடுக்கமாக ஊர்ந்து வேலிக்காத்தான் புதருக்குள் போய் நின்றது. (என் முழங்கையில் எட்டு முள். எண்ணினேன்.)

இனி அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அந்தக் கேரியரிலிருந்து நான் இறங்கிவிட்டேன் என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கார் வாங்கியபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் தனியாகப் பெரம்பலூர் போய்வந்த முதல் நாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று என் வண்டி கடக்கும்வரை பார்த்துவிட்டுப் போனாராம். அதை அவர் சொல்லவில்லை, டீக்கடைக்காரர் சொன்னார்.

அண்ணன் மகளுக்கு மாசியில் கல்யாணம். தை மாதத்தில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும். வாடகைக் கார் பேசக் கிளம்பியவரை மறித்து, என் வண்டியில் போவோம், நானே ஓட்டுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சரி, ஓட்டு. ஆனா ஒண்ணு. வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னா சாவிய என் கையில குடுத்துடணும். திங்கக்கெழமையிலேர்ந்து டிரைவர் போட்டுக்குவோம். நீ பின்னால ஒக்காந்து ராணி மாதிரி ஆபீசு போ.”

“கீறல் என்னண்ணே, கொசு மோதுனாக்கூட தரேன்” என்றேன்.

(அன்றைய என்னை இன்றைக்கு எதிரில் பார்த்தால் காதைப் பிடித்துத் திருகுவேன்.)

ராணியின் நிலவரம் எனக்குத் தெரியும். டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் ராணிக்கும் லீவு. டிரைவரின் மச்சினிக்கு வளைகாப்பு என்றால் ராணி ஆபீஸ் வாசலில் இருட்டும் வரை நிற்பாள். எனக்கு அந்தச் சாவி என்றால், நினைத்த நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் கிளம்புவது. சொல்லிக் கேட்டு, அவர்கள் சட்டை மாட்டிக்கொண்டு வரும்வரை காத்திருந்து கிளம்பியே நாற்பத்தைந்து வயது வரை வந்தவள் நான். அப்படிப்பட்ட சாவியைத்தான் ஒரு கொசுவிடம் அடகு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டை விட்டுக் கிளம்பியது காலை 8.05. (ராகு காலம் மாலையில். அண்ணி இரண்டு காலண்டரில் சரிபார்த்திருந்தார்.) முன்னால் எனக்கு இடது பக்கம் அண்ணன். பின்னால் அண்ணி, மடியில் தாம்பாளத் தட்டு, பக்கத்தில் கட்டைப் பை நிறையத் தேங்காய், பழம், வெற்றிலை, பத்திரிகைக் கட்டு.

முதல் மூன்று வீடுகள் அருமையாக முடிந்தன. ஒவ்வொரு வீட்டிலும் அண்ணனும் அண்ணியும் இறங்கி உள்ளே போய் வைத்துவிட்டு வருவார்கள். நான் வண்டியிலேயே இருப்பேன். அதற்குள் வண்டியைச் சுற்றி நாலு பேர் கூடி அந்தக் கம்பியை எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் இது கேஸில் ஓடுகிற வண்டியா என்று கேட்டார். இன்னொருவர், கம்பி உடைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். உங்கள் கால் உடைந்தால் என்ன செய்வீர்களோ அதையேதான் என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போனது. அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. ஆலத்தியூர் போகும் சாலையில் ஒரு சிமெண்ட் லாரியை முந்தினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, தன் பக்கம் காலடியில் இல்லாத பிரேக்கை இரண்டு தடவை மிதித்தார். முதல் வீட்டில் நிறுத்தியபோது ‘பி’யில் போட்டு ஹேண்ட்பிரேக்கும் இழுத்தேன். இரண்டாவது வீட்டில் ‘பி’ மட்டும். மூன்றாவது வீட்டிலிருந்து, எதற்கு இந்தச் சடங்கெல்லாம் என்று தோன்ற ஆரம்பித்தது.

நான்காவது வீடு தாய்மாமா வீடு.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன் அண்ணன் கல்யாணத்துக்கு மாமா வந்தார். ஆனால் பந்தியில் உட்காரவில்லை. ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காமலேயே எங்கள் குடும்பம் காரணத்தைக் கண்டுபிடித்தது. அப்பா அவருக்குப் பத்திரிகையை நேரில் வைக்காமல் ஆளிடம் கொடுத்தனுப்பினார், அந்த வருத்தம். அன்றிலிருந்து மாமாவுக்கு எதைக் கொடுத்தாலும் எங்கள் வீட்டில் இரண்டு கையாலும் கொடுப்போம், குடிதண்ணீராக இருந்தாலும். இந்தப் பத்திரிகையை எப்படி வைப்பது என்று அண்ணி ஒரு வாரமாக அண்ணனுக்கு ஒத்திகை நடத்தியிருந்தார்.

மக்காச்சோளம் அறுவடையான நேரம். மாமா வீட்டுத் தெருவில் பாதி ரோட்டை அடைத்து, மஞ்சள் பாய் விரித்த மாதிரி சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், ஆடு கோழி வந்தால் விரட்டக் கையில் குச்சியோடு மாமா. நான் சோளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். நேரம் 10.52. கியர்க் குச்சி ‘டி’யில். வலது கை கம்பியைத் தள்ளிப் பிடித்தபடி இருந்தது. மற்றதெல்லாம் மெதுவாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

மாமா மெதுவாக வருகிற ஆள் இல்லை. எழுபத்து மூன்று வயதில் குச்சியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டார். கார் என்றால் ஓட்டுவது ஆம்பிளையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டு நேராக ஓட்டுகிறவர் ஜன்னலுக்கே வந்தார். அண்ணனைத் தேடிக் குனிந்தார். அங்கே நான் இருந்தேன். பத்திரிகை வாங்க அவர் இரண்டு கையையும் ஏற்கெனவே நீட்டியாகிவிட்டது.

நீட்டிய கையைக் காக்க வைக்கக் கூடாது. அண்ணி பின்னாலிருந்து மின்னல் வேகத்தில் தட்டை என் தோளுக்கு மேலாகக் கொண்டுவந்து, “மதி, குடுத்துடு, குடுத்துடு” என்று காதில் கிசுகிசுத்தார்.

இந்த இடத்தில் என் மண்டைக்குள் ஓடியதை நேர்மையாக எழுதுகிறேன். இடது கையால் கொடுக்கலாம். அது குமிழில் சும்மாதான் இருந்தது. ஆனால் அது பீச்சாங்கை. மாமாவுக்கு, கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் குங்குமத்தோடு, பீச்சாங்கையால். மோர் குடித்துவிட்டுப் போன மனிதர் இந்தத் தடவை அதையும் குடிக்க மாட்டார். படித்த புத்தகம் எத்தனையோ. எந்தக் கையும் கைதான் என்று மேடை போட்டுப் பேசுவேன். ஆனால் உடம்புக்குள் இருக்கிற வளர்ப்பு புத்தகம் படிப்பதில்லை. வலது கை கம்பியை விட்டுவிட்டுத் தட்டுக்குப் போனது. இரண்டு கையாலும் கொடுத்தால்தான் மரியாதை என்று இடது கையும் அதைத் தொடர்ந்து போனது. தட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, “வாங்கிக்கங்க மாமா, அவசியம் வந்துடணும்” என்றேன்.

மாமா தட்டின் மறுமுனையைப் பிடித்தார். வண்டி கிளம்பியது.

சத்தமே இல்லை. அதுதான் கேடு. மாமாவின் பார்வையில் நடந்தது இது: அக்கா மகள் தட்டைக் கொடுத்தாள், அவர் பிடித்தார், உடனே அவள் அதைத் திரும்ப இழுக்கிறாள்.

“என்ன பாப்பா, குடுக்கறியா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே ஓர் எட்டு எடுத்து வைத்தார்.

“குடுக்கறேன் மாமா. நீங்க விடுங்க” என்றேன்.

“குடுத்தத ஏன் விடச் சொல்ற? விடு புள்ள நீ.”

அவர் விடவில்லை, விட்டால் அவமானம். நானும் விடவில்லை, என் பிடியில்தான் தேங்காயின் கனம் இருந்தது. விட்டால் தட்டு கவிழும், குங்குமம் ரோட்டில் கொட்டும், கல்யாணத்துக்கு முன் அது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று வருஷக்கணக்கில் பேசுவார்கள். பின்னாலிருந்து அண்ணி, “தட்ட மட்டும் விட்டுடாத மதி” என்று அழுகைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இடது பக்கத்திலிருந்து அண்ணன், “மிதி மதி, மிதி மதி” என்று கத்தியபடி தன் காலடியில் இருந்த ரப்பர் விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேலாக என் கால்களைப் பார்த்து வந்தவர். அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோனது.

இப்படியாக விடாதே, விடு, மிதி என்ற மூன்று கட்டளைகளுக்கு நடுவில் நாங்கள் ஊர்வலம் போனோம். மாமா முதலில் நடந்தார். பிறகு எட்டி நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டக் கை இல்லாமல், அது தடுக்கத் தடுக்க, ஓட்டமும் நடையுமாக வந்தார். வண்டி சோளத்தின் மேல் ஏறியது. அவர் வெறுங்காலோடு சோளத்தின் மேல் வந்தார். முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பம்பர் முட்டித் தள்ளிக்கொண்டே போனது. நாற்காலியின் நான்கு கால்களும் சோளத்தை வரிவரியாகக் கோதின. தெருவில் நின்றவர்களுக்கு இது விபத்து என்றே தெரியவில்லை. ஒரு கார், ஜன்னலில் மஞ்சள் குங்குமத் தட்டு, அதை இரு கையால் ஏந்தி வேகமாக வரும் பெரியவர். ஏதோ முறை செய்கிறார்கள் என்று நினைத்துக் குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

சோளம் முடிகிற இடத்தில் ஒரு அம்மா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார்.

அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கல்யாணம், சகுனம், மோர், இருபத்தாறு வருஷம், எல்லாம் போனது. வலது கையைத் தட்டிலிருந்து உருவி, கம்பியைப் பிடித்து, என் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினேன். வண்டி குலுங்கி நின்றது. நாற்காலி மட்டும் இன்னும் ஒரு சாண் போய் அந்த அம்மாவின் முதுகுக்கு மூன்று முழம் இந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் திரும்பிப் பார்த்து, நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி வெங்காயத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

தட்டு விழவில்லை. அதன் ஒரு முனை மாமாவிடம். மறுமுனை என் இடது கையில்.

மாமா மூச்சு வாங்கினார். தட்டைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் விட்டேன். அவர் பத்திரிகையைப் பீச்சாங்கையிலிருந்துதான் வாங்கினார் என்பதைத் தெருவே பார்த்தது.

நான் முதலில் குச்சியை ‘பி’யில் போட்டேன். பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அது யார் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அண்ணன் இறங்கிப் போய்ப் பம்பரைப் பார்த்தார். குனிந்து விரலை வைத்து அளந்தார். நாலு விரல் கீறல். சுற்றி வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் நின்று, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

“சாவியக் குடு.”

“தர மாட்டேண்ணே.”

“நீதான சொன்ன. கொசு மோதுனாக்கூடன்னு.”

“சொன்னேன். திமிர்ல சொன்னேன். அது தப்பு. ‘டி’யில வுட்டுட்டுக் கைய எடுத்தேன், அதுவும் என் தப்புதான். அந்தம்மா கால்ல வேணாலும் வுழுறேன். ஆனா சாவி கிடையாது.” அதோடு நிறுத்தவில்லை. “நீ போன வருஷம் டிராக்டரப் பின்னால எடுக்கறப்ப களத்துச் செவுத்த இடிச்சியே. சாவிய யாருண்ணே கேட்டா? யாரும் கேக்கல. காலு இருக்கறவன் இடிச்சா கவனக்குறைவு. நான் இடிச்சா மட்டும் காலு இல்லாததாலயா?”

“அது வேற புள்ள…”

“ஹேண்ட்பிரேக்கு எங்க இருக்குன்னு பாரு. நீ ஒக்காந்திருந்தப்ப ஒன் வலது கை முட்டிக்குக் கீழதான் இருந்துச்சு. ரெண்டு காலையும் வச்சு ரப்பர மிதிச்சியே, கையால அத ஒரு இழு இழுத்துருந்தா முடிஞ்சிருக்கும். முப்பது வருஷமா வண்டி ஓட்டுற நீ. நான் ஒன் சாவியக் கேட்டனா?”

பின்சீட்டில் அண்ணி இருமுவது போல ஒரு சத்தம் செய்தார். அது இருமல் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் உள்ளே எட்டி, ஹேண்ட்பிரேக் இருக்கிற இடத்தைப் பார்த்தார். கை நீட்டியபடியே இருந்தது. ஆனால் அது இப்போது எதையும் கேட்கிற கையாகத் தெரியவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாத கையாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு வேறு கவலை. “பீச்சாங்கையில குடுத்துருக்கா” என்றார் அண்ணனிடம், நான் அங்கே இல்லாதது போல.

“மாமா, வலது கைதான் பிரேக்கப் புடிச்சிச்சு” என்றேன். “அதுலயே ஒங்களுக்குத் தட்டக் குடுத்துட்டு இருந்திருந்தா அந்தம்மா மேல ஏறியிருக்கும். இப்பச் சொல்லுங்க, எது நல்ல கை?”

அவர் குனிந்து கம்பியைப் பார்த்தார். அவரும் டிராக்டர் ஓட்டியவர். அதில் கையால் இழுக்கிற வேகக் குச்சி உண்டு. ஒரு வேலைக்காரர் இன்னொருவரிடம் கேட்கிற தொனியில் கேட்டார்.

“தள்ளுனா நிக்குமா?”

“நிக்கும். அப்புறம் இந்தக் குச்சிய ‘பி’யில போட்டா நவுராது.”

“அப்ப மொதல்லயே ஏன் தள்ளல?”

“நீங்க தட்ட விடல.”

“நீ விட்டிருக்கலாம்ல?”

“அப்புறம் நீங்க அண்ணன் கல்யாணத்துல மாதிரி பந்தியில ஒக்காராம மோரக் குடிச்சுட்டுப் போயிடுவீங்கன்னு பயம்” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்ணி பின்னாலிருந்து என் தோளில் கிள்ளினார்.

மாமா யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, அந்தக் கல்யாணத்தைத் தேடி எடுத்தார்.

“அன்னிக்கா? அன்னிக்கு எனக்கு வயித்தால போயிட்டு இருந்துச்சு புள்ள. அதான் மோரு.”

இருபத்தாறு வருஷம். இரண்டு கையாலும் தண்ணீர். ஒரு வார ஒத்திகை. நாற்பது மீட்டர் ஊர்வலம். அண்ணன் ரோட்டோரத்துக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். (நோட்டில் அன்றைய பதிவின் கடைசி வரி: “குடும்பத்தின் சரித்திரம் திருத்தப்பட்டது, 11.06.”)

சிதறிய சோளத்தை அண்ணனும் அண்ணியும் கூட்டிச் சேர்த்துக் கொடுத்தார்கள். நான் கதவைத் திறந்து, காலிபரைப் பூட்டி, ஊன்றுகோல்களோடு அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவர் காரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். “நீயேவா ஓட்டியாந்த?” என்று மட்டும் கேட்டு, மடி நிறைய வெங்காயம் கொடுத்தார். வாங்க எனக்குக் கை இல்லை, இரண்டும் ஊன்றுகோலில். அண்ணன் வந்து தன் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

மீதி ஐந்து வீடுகளுக்கும் நான்தான் ஓட்டினேன். திங்கட்கிழமை காலை 8.40க்கு அரியலூரிலிருந்து கிளம்பி, நானே ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். ராணிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. கீறலை இன்றுவரை பெயிண்ட் அடிக்கவில்லை. அது சரியாக நாலு விரல்தானா என்று சந்தேகப்பட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டர்.

மாமா கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார். சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் வெற்றிலைத் தட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. இரண்டடி தள்ளியே நின்று, மண்டபம் கேட்கும்படி கேட்டார்:

“பாப்பா, ‘பி’யில இருக்கியா?”

அதோடு தொலைந்தேன். எங்கள் குடும்பத்தில் இன்று யாரும் அதைக் கேட்காமல் என் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை. காபி தம்ளரை நீட்டினாலும் கேட்கிறார்கள், செய்தித்தாளை நீட்டினாலும் கேட்கிறார்கள். கல்யாணமாகிப் போன பெண் போனில்கூட “அத்தை, ‘பி’யில இருக்கீங்களா, ஒரு விஷயம் சொல்லணும்” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

அண்ணன் மட்டும் கேட்பதில்லை. என்னோடு வண்டியில் ஏறினால், உட்கார்ந்ததும் வலது கையைத் தூக்கி ஹேண்ட்பிரேக்கின் மேல் வைத்துக்கொள்கிறார். பெரம்பலூர் வரும்வரை எடுப்பதில்லை. வைத்துக்கொள்ளட்டும். வண்டியை நிறுத்துவதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். கிளப்புகிற கம்பி என் கையில் இருக்கிறது.